ஃபியோனா வருகிறது, சென்சார் மக்கர் செய்கிறது

கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள சிட்னியில் இருக்கிறேன், இன்று 2022 செப்டம்பர் 23. ஃபியோனா புயல் நாளை விடியற்காலை எங்கள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கரையேறும் என்கிறார்கள். கனடாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த காற்றழுத்தம் 940.2 ஹெக்டோபாஸ்கல், 1977 ஜனவரியில் நியூஃபவுண்ட்லாந்தில். அதுவே முறியலாம் என்பதால் இந்த இரவைத் தவறவிட மனமில்லை.

வெளியே பெட்டியில் வைத்த, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 சென்சாரில் (ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டில் இணைத்தது) நேற்று இரவு முதல் ஈரப்பதம் 100-லேயே நிற்கிறது, அழுத்தமும் திடீரென 3, 4 ஹெக்டோபாஸ்கல் எகிறி இறங்குகிறது. கடல்மட்டத் திருத்தம் (இடத்தின் உயரத்துக்கேற்ப அழுத்தத்தைச் சரிக்கட்டுவது) சரிபார்த்தாச்சு, ஒயரை மாற்றிப் பற்றவைத்தேன், பவர் பேங்கில் ஓட்டியும் பார்த்தேன். பெட்டி மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர்த்துளி. காயவைத்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காகக் காட்டும், அப்புறம் பழையபடிதான்.

புதிது வாங்க இனி நேரமில்லை. சென்சாரை வீட்டுக்குள் வைத்துவிட்டால், பலத்த காற்றிலும் அழுத்த அளவை நம்பலாமா?