எங்க வீட்டுக் குழு: ஆண்டிப்பட்டியில வடக்கு எது?

[இரவு 8:04] கவிதா: ராஜா மாமா, நாலாம் வகுப்புக்கு திசை பாடம். "மதியம் 12 மணிக்கு நிழல் விழுறது வடக்கு"ன்னு நோட்ஸ்ல இருக்கு. இங்க குச்சி நட்டா நிழல் தெற்கே விழுது. பிள்ளைங்க குழம்பிட்டாங்க.

[8:09] ராஜா மாமா: நிழல் சரியாத்தான் விழுது, நோட்ஸ்தான் நம்ம ஊருக்குப் பொருந்தாது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கிற ஊருக்கு வருஷம் முழுக்க அது சரி. ஆண்டிப்பட்டி அதுக்குத் தெற்கே, 10 டிகிரி வட அட்சத்துல இருக்கு. ஏப்ரல் நடுவுல சூரியன் நம்ம தலைக்கு நேர வந்து வடக்கே போயிடும், ஆகஸ்ட் கடைசியிலதான் திரும்பும். அதுவரைக்கும் உச்சி நிழல் தெற்கேதான்.

[8:10] ராஜா மாமா: 12 மணிங்கிறதும் தப்பு. நம்ம கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகைக்கு வச்சது, நாம 77½ டிகிரியில இருக்கோம். ஜூன்ல உச்சி 12:20 வாக்கில.

[8:12] கவிதா: அப்ப உதிக்கிற சூரியனைப் பார்த்து நிக்கச் சொல்லலாமா?

[8:13] ராஜா மாமா: ஜூன்ல அது கிழக்குல இருந்து வடக்கே 24 டிகிரி தள்ளி உதிக்குதும்மா. "கிழக்குப் பக்கம்"னு சொல்ல ஆகும், கோடு போட ஆகாது.

[8:17] சாந்தி பெரியம்மா: கவி, வட்டம் போடுற முறையில செய். எந்த மாசமும் ஏமாத்தாது. வாளியில மணல் கொட்டி குச்சி நடாத, விளிம்பு நிழலைத் தின்னுடும். மண் தரையில 60 செ.மீ. வெளிய தெரியுற மாதிரி குச்சி நடு. நூல்ல கல் கட்டித் தொங்கவிட்டு ரெண்டு பக்கமும் நேரா நிக்குதான்னு பாரு. சாய்ஞ்சா கோடும் சாயும்.

[8:19] சாந்தி பெரியம்மா: 10:30க்கு நிழல் நுனியில புள்ளி வை. 33 செ.மீ. கிட்ட வரும். குச்சியில நூலைச் சுத்தி அந்தப் புள்ளி வழியா வட்டம் போடு. நிழல் குறுகி உள்ள போகும், மதியம் திரும்ப நீண்டு வட்டத்தைத் தொடும். தொடுற இடத்துல ரெண்டாவது புள்ளி. ரெண்டையும் சேர்த்தா காலைப் புள்ளி மேற்கு, மதியப் புள்ளி கிழக்கு.

[8:21] ராஜா மாமா: 10:30 புள்ளிக்கு ஜோடி 2:10 வாக்கில. மேகம் வந்தா போச்சு, அதனால 10, 10:30, 11ன்னு மூணு வட்டம் போடு. 2:40, 2:10, 1:40. ஒண்ணாவது கிடைக்கும். ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம் முன்னாடியே பிள்ளைங்களை நிறுத்து.

[8:22] கவிதா: போன் காம்பஸ் வச்சு சரி பார்க்கலாமா மாமா?

[8:23] ராஜா மாமா: வெளியில பாரு. வகுப்புல இரும்பு பீரோ, பெஞ்சு கிட்ட முள் திரும்பிடும்.

[8:28] சாந்தி பெரியம்மா: கோடு கிடைச்சதும் அதே வாரம் வகுப்பறை மேப் போடச் சொல்லு. கட்டம் போட்ட நோட்டுல ஒரு கட்டம் ஒரு அடி. அப்ப பாரு, பாதிப் பேர் பெஞ்சுக்குக் கால் வரைவாங்க! மேல இருந்து பார்க்கிறதுன்னா என்னன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது. டம்ளரைத் தாள்ல வச்சு சுத்தி வரையச் சொல்லு, வட்டம் வரும். அப்புறம் தீப்பெட்டி. அதுக்கப்புறம் பெஞ்சுக்குக் கால் முளைக்காது.

[8:31] ராஜா மாமா: அக்கா சொல்றதோட இதையும் சேர்த்துக்க. மேப்பைச் சுவத்துல மாட்டாத. முதல்ல தரையில விரிச்சு, போட்ட கோட்டுக்குத் திருப்பி வை. சுவத்துல பார்த்தே பழகினா வடக்குன்னா மேடு, தெற்குன்னா பள்ளம்னு பதிஞ்சிடும். ஆறெல்லாம் மேல இருந்து கீழ ஓடும்னு எழுதுவாங்க. வருசநாட்டு மலையில இருந்து வைகை வடக்கு நோக்கித்தான் இறங்குது, அதையே காட்டு. மலை எங்க இருக்கோ அதுதான் ஆத்துக்கு மேல்.

[8:33] கவிதா: சரி மாமா. மைதானத்துல வேப்ப மரத்தை ஒட்டித்தான் சமமான இடம் இருக்கு.

[8:35] சாந்தி பெரியம்மா: மரத்து நிழல் 2:40 வரைக்கும் அங்க வராதான்னு நாளைக்கே பார்த்து வை. கிளைக்குத் தெற்கே தள்ளி நட்டா இந்த மாசம் மதிய நிழல் அந்தப் பக்கமே வரும், மறந்துடாத. கிழக்கையும் விடு. மரத்துக்கு மேற்கே, நல்லா தள்ளி நடு.