டிராக்‌ஷன் கன்ட்ரோல்: 'இழுவைக் கட்டுப்பாடு' சரிதானா?

வணக்கம்.

சக்கரம் வழுக்கிச் சுழலும்போது அதை மட்டுப்படுத்தும் 'டிராக்‌ஷன் கன்ட்ரோல்' கருவியை 'இழுவைக் கட்டுப்பாடு' என்று எழுதிவருகிறோம். வானூர்தியியலில் காற்றின் தடையான 'டிராக்' என்பதற்கும் இழுவை என்றே எழுதுவதால் குழப்பம் வருகிறது. தவிர, இந்தக் கருவி இழுவையை அளப்பதே இல்லை. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சக்கர வேக உணரிகளை வைத்து, இயக்குசக்கரம் (எஞ்சின் சுழற்றும் சக்கரம்) மற்றச் சக்கரங்களைவிட எவ்வளவு கூடுதலாகச் சுற்றுகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். சேற்றில் மாட்டிய வண்டியைப் பார்த்து 'சக்கரம் சும்மா சுத்துது' என்கிறோமே, அதற்கு 'வெறுஞ்சுழல்' பொருந்தும். 'வெறுஞ்சுழல் தடுப்பு' எனலாமா?

---

ஐயா, 'வெறுஞ்சுழல்' மிக நன்று. 'தடுப்பு' மட்டும் வேண்டாம். கொஞ்சமாவது வழுக்காமல் டயர் உந்துவிசை தராது; உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 10–20% வழுக்கலில்தான் பிடிமானம் உச்சம். வண்டி மணிக்கு 40 கி.மீ. போகையில் டயரின் விளிம்பு 50 கி.மீ. வேகத்தில் சுற்றினால் வழுக்கல் 20% (50-இல் 10). அதைத் தாண்டுவதைத்தான் கருவி அடக்குகிறது. ஆகவே 'வெறுஞ்சுழல் அடக்கி'.

அடக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறுவதால், பெயரில் பிரேக்கையோ எஞ்சினையோ நுழைக்காததும் சரியே. சாதாரண டிஃபரென்ஷியல் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிரும் பல்சக்கர அமைப்பு) உள்ள காரில் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால், மறு சக்கரத்துக்கும் அதே அற்பத் திருப்புவிசைதான் (டார்க்) போகும். சுழலும் சக்கரத்தில் பிரேக் பிடித்தால் மறுபக்கம் விசை கூடி வண்டி நகரும். நெடுநேரம் இப்படிச் செய்தால் பிரேக் சூடேறும். அதனால் கருவி சற்று விலகிக்கொள்ளும். பைக்கில் இயக்குசக்கரம் ஒன்றே. அங்கே த்ராட்டிலையோ தீப்பொறியையோ எரிபொருளையோ குறைத்து எஞ்சின் விசையைத் தணிக்கிறார்கள். முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிடுவதால், குறித்த அளவல்லாத டயரை மாட்டினால் காரணமில்லாமல் விசை வெட்டுப்படும். மின்வண்டியில் மோட்டாரின் விசையையே சில மில்லிநொடிகளில் மாற்றிவிடலாம். எஞ்சின் அடங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

---

'அடக்கி'யை ஏற்கிறேன். ஓர் ஐயம்: ஆழ்மணலில் எஞ்சின் விசையை வெட்டினால் வண்டி அங்கேயே புதையும். சக்கரம் சுழன்றால்தான் ஓட்டம் நிற்காது. அந்தச் சுழற்சியை 'வெறும்' என்பது தகுமா?

---

தகாது, அதற்காகத்தான் அணைக்கும் பொத்தான். கையேட்டில் இப்படி எழுதலாம்: "ஓடும்போது விளக்கு மினுக்கினால் அடக்கி வேலை செய்கிறது. விடாமல் எரிந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது பழுது. மணலில் அடக்கியை அணைக்கவும். தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் இயக்கவும்."