பேலீஃப் பண்ணைவீட்டின் நடுச்சுவர் ஏன் உள்ளே போயிருக்கிறது?

கென்ட்_மணி:
இங்கிலாந்தில் சிச்செஸ்டருக்குப் பக்கத்தில் சிங்கிள்டனில், பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்திய வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் பேலீஃப் வீட்டைப் பார்த்தேன். ஓக் மரச் சட்டங்கள், இடையே மண்சுவர். முகப்பின் இரு ஓரங்களிலும் மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, நடுச்சுவர் மட்டும் ஏன் உள்ளே போயிருக்கிறது? கூடத்தின் நடுவே தரையில் அடுப்பு, புகைபோக்கியே இல்லை. இப்படியா குடியிருந்தார்கள்?

லீட்ஸ்_வாசி:
அதெல்லாம் உடைத்த கப்பல்களின் மரமாம். வளைவும் காலித் துளைகளும் அதனால்தான் என்று சொல்வார்கள்.

உளியும்_சுத்தியலும்:
கப்பல் கதையை விட்டுவிடுங்கள் சகோ. நான் இங்கே பழைய வீடுகளின் மரச்சட்டம் பழுதுபார்க்கிறவன், போகிற வீடெல்லாம் இதே கதைதான். ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே இழைத்தார்கள், காய்ந்தால் இரும்பு மாதிரி ஆகிவிடும். சட்டத்தில் ஏறிய பிறகு காய்ந்ததால்தான் முறுக்கமும் வெடிப்பும். காலித் துளை என்றால் அங்கே இருந்த மரத்தைப் பின்னாளில் யாரோ எடுத்திருப்பார்கள், அல்லது இன்னொரு கட்டடத்தின் மரமாக இருக்கும்.

மணி, இரண்டு கேள்விக்கும் பதில் அந்தக் கூடம்தான். ஓரங்கள் இரண்டும் மாடி அறைகள். மாடித் தரையின் விட்டங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி நீள்கின்றன, மேல்சுவர் அவற்றின் நுனியில் நிற்கிறது. கூடத்துக்கு மாடியே கிடையாது, தரையிலிருந்து கூரைவரை திறந்த வெளி. நீட்ட விட்டம் இல்லாததால் அதன் சுவர் கீழ்ச்சுவரின் கோட்டிலேயே நின்றுவிட்டது. ஆனால் கூரை ஒன்றுதான், அதன் முன் விளிம்பு ஒரே நேர்கோடு. அதனால் நடுவில் கூரையைத் தாங்கும் விட்டம் அந்தரத்தில் ஓடுகிறது, கீழே இரண்டு வளைந்த முட்டுகள். தனித்தனிக் கூரை போட்டிருந்தால் அவை சந்திக்கும் பள்ளத்தில் மழைநீர் இறங்கும். தச்சனுக்கு அது தெரியும்.

மாடியை நீட்டியதற்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்கு அது பாதிக்கு மேல் பகட்டு.

புகை மேலே ஏறி, ஓட்டு இடுக்குகள் வழியாகக் கசிந்து போகும். சன்னலில் கண்ணாடி கிடையாது, மரக் கம்பிகளும் அடைப்புப் பலகையும்தான், அதனால் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை! 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இப்படிப்பட்ட வீடுகளில் செங்கல் புகைபோக்கி கட்டி, கூடத்தின் குறுக்கே மாடியும் போட்டுவிட்டார்கள். ஆகவே பழைய வீட்டுக்குள் போனால் முகப்பைப் பார்க்காதீர்கள், டார்ச் எடுத்துக்கொண்டு பரணில் ஏறுங்கள். கைமரங்களில் கரி அப்பியிருந்தால் அடியில் ஒரு திறந்த கூடம் இருந்ததற்கு அது நல்ல அடையாளம். விற்கிறவர் சொல்லும் வயதைவிட அந்தக் கரியைத்தான் நான் நம்புவேன்.

பேலீஃப் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில் கூடமும் அதன் ஒரு பக்கத்துச் சரக்கறைப் பகுதியும் 1405-30 வாக்கில் கட்டியவை என்று தெரிந்தது. மறுபக்கத்து வீட்டுக்காரர் அறைப் பகுதி 1505-10 வாக்கில் சேர்ந்தது. இடையில் நூறு வருடம் என்று முகப்பைப் பார்த்தால் சொல்ல முடியாது.

கென்ட்_மணி:
அருமை. அவ்வளவு பெரிய வீட்டை எப்படிப் பெயர்த்தார்கள்?

உளியும்_சுத்தியலும்:
அது இருந்தது உங்கள் கென்ட்டில்தான், சிடிங்ஸ்டோன் பக்கம். போ பீச் நீர்த்தேக்கம் வந்ததால் 1968-69இல் பிரித்தார்கள். இந்த வீடுகள் பிறந்ததே அப்படித்தான்: பட்டறையில் சட்டத்தைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண் கீறி, பிரித்து வண்டியில் ஏற்றி, கட்டுமிடத்தில் நிமிர்த்துவார்கள். துளைக்குள் நாக்கு, குறுக்கே ஓக் முளை. ஆணி கிடையாது. முளையைத் தட்டி எடுத்தால் கழன்றுவிடும்.

லீட்ஸ்_வாசி:
சரி, கப்பலை விட்டேன். என் நண்பர் வீட்டில் சட்டங்களுக்கு இடையே பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. கொத்தனார் சிமென்ட் போடலாம் என்கிறார். போடலாமா?

உளியும்_சுத்தியலும்:
வேண்டவே வேண்டாம். மரம் அசையும், சிமென்ட் அசையாது. விரிசலில் இறங்கும் நீர் சிமென்டுக்குப் பின்னால் சிக்கி ஓக்கை உளுத்துப்போக வைக்கும். கம்புப் பின்னலில் அப்பிய மண்ணும் மேலே சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழமைக்காகச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடமா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசாமல் கொத்தனாரை ஏணியில் ஏற்ற வேண்டாம். அனுமதி தேவைப்படும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது கிரிமினல் குற்றம். விரிசலைப் படம் எடுத்துப் போடுங்கள், அடிச்சட்டம் தெரிகிற மாதிரி.