புதுப்பிப்பு: மசாலா வெனிலா சென்ட் யாருக்கு எடுக்கும்?
ஏலக்காய், பட்டை, கிராம்போடு வெனிலா சேர்ந்த சென்ட் பற்றிய முந்தைய பதிவில், “கொஞ்ச நேரத்தில் வெறும் கேக் வாசனைதான் மிஞ்சுகிறது” என்று பலர் சொல்லியிருந்தீர்கள். ஏலக்காய் சீக்கிரம் பறந்துவிடும். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் கனமானது, மணிக்கணக்கில் தங்கும். அதனால் கடையில் சென்ட் அடித்துத் தரும் அட்டையில் முகர்ந்ததும் வாங்காதீர்கள். மணிக்கட்டில் ஒரு ஸ்ப்ரே அடித்து, தேய்க்காமல் விட்டு, 4 மணி நேரம் கழித்து முகருங்கள். அந்த மிச்ச இனிப்பு பிடித்தால் மட்டும் வாங்கலாம்.

எந்தக் குணம் உள்ளவர்களுக்கு எடுக்கும்? கூட்டத்தில் அமைதியாக இருந்து, பக்கத்தில் உட்கார்ந்தால் கலகலப்பாகப் பேசுபவர்களுக்குக் கச்சிதம். துறுதுறுவென ஓடுபவர்களுக்கு எலுமிச்சை வகையே மேல் என்பேன். வெயிலில் 3 ஸ்ப்ரே அடித்தால் திகட்டும்.

திரவம் பழுப்பானால் பயப்பட வேண்டாம், வெனிலின் அப்படித்தான் நிறம் மாறும். வெள்ளைச் சட்டையில் மட்டும் அடிக்காதீர்கள், கறை விழலாம்.