ராப் பாடுகிறவனைக் 'கலைஞர்' என்று போடலாமா?

சிப்புட்காரன்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அடுத்த மாதம் திருவிழா. தோட்டத்தில் இப்போது பால்மரம் கிடையாது, எல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. லயத்து வீடுகளையும் உடைத்துவிட்டார்கள். ஆனாலும் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பிழைக்கப் போனவர்கள் திருவிழாவுக்கு மட்டும் வந்துவிடுவார்கள். இரவு கலை நிகழ்ச்சிக்கு நான்தான் செயலாளர். அதாவது பட்டியல் தட்டச்சு செய்கிறவன், நாற்காலி எண்ணுகிறவன்.

சிக்கலே அந்தப் பட்டியலில்தான். 'கலைஞர்கள்' என்ற தலைப்பில் பரதம் ஆடும் பிள்ளைகள், நாதஸ்வரக்காரர், அப்புறம் கரவோக்கே போட்டுப் பழைய பாட்டுப் பாடும் ஓர் அண்ணன். இவர்களுக்குப் பொன்னாடை உண்டு. என் தங்கை மகன் ராப் பாடுகிறான். அவனைக் கடைசியில் 'இதர அங்கம்' என்று போடச் சொல்லிவிட்டார் தலைவர். பொன்னாடை இல்லை. "வாயால கடகடன்னு பேசுறதெல்லாம் கலையாப்பா?" என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை.

பையனுக்கு 22 வயது. செம்பனை லோரியில் கூடப் போகிற வேலை. மில்லில் வரிசை நீண்டால் லோரிக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுவான். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்தான். போன வாரம் மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் அதை வாங்கிப் பார்த்தேன். வரிகளுக்கு மேலே அங்கங்கே சிவப்புப் புள்ளி. என்னடா இது என்றால், "அங்கதான் மாமா மூச்சு எடுக்கணும்" என்கிறான். ஒரு வரியை நாலு தடவை அடித்து எழுதியிருந்தான். அந்த வேகத்தில் 'ழ' சொன்னால் 'ள' ஆகிவிடுகிறதாம், அதனால் 'ழ' இல்லாத சொல்லாகத் தேடியிருக்கிறான். கரவோக்கே அண்ணன் நன்றாகத்தான் பாடுவார், ஆனால் அவருக்கு எல்லாம் திரையில் ஓடுகிறது!

மாமன் பாசத்தில் பேசுகிறேனா, இல்லை இது கலைதானா? கொஞ்சம் சொல்லுங்கள்.

கிள்ளான் அக்கா:

என்ன தம்பி, நேற்று முளைத்த சங்கதி மாதிரி கேட்கிறீர்கள்? பொயெட்டிக் அம்மோ என்ற நம் ராப் குழு 1998-இல் முதல் ஆல்பம் போட்டபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம், கண்டனீஸ் எல்லாம் அதில் உண்டு. அந்தக் குழுவில் இருந்த யோகி பி பிறகு நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்தார். தமிழ் ராப் என்றாலே மலேசியாக்காரர்கள் ஞாபகம் வருகிற அளவுக்கு நம் பிள்ளைகள் செய்த வேலை இது. அதை நம் கோயில் மேடையிலேயே 'இதர அங்கம்' என்றால் எப்படி?

உருமியையும் கேளுங்கள். என் சின்ன வயதில் உருமி அடிக்கிற பையன்களை வாசலோடு நிறுத்திப் பேசியவர்களை எனக்குத் தெரியும். இன்றைக்கு உருமி இல்லாமல் காவடி தூக்குவார்களா?

பழைய ரெக்கார்டு:

நான் தலைவர் பக்கம். இவர்கள் சொந்தமாக என்ன செய்கிறார்கள்? அக்கா சொன்ன யோகி பி-க்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'மடை திறந்து' யாருடையது? 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு. அடுத்தவன் கட்டிய வீட்டில் திண்ணை போட்டுவிட்டு வீடே என்னுடையது என்கிற கதை. எங்கள் தாமான் (குடியிருப்பு) பையன்கள் பாடுவதைக் கேட்டால் பாதி கெட்ட வார்த்தை, மீதி கைகால் ஆட்டல். குடும்பத்தோடு உட்கார முடியாதுலா.

சிப்புட்காரன்:

கெட்ட வார்த்தை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். இவனுடைய பழைய பாட்டு ஒன்றை என் அம்மா முன்னால் போட முடியாது. மெட்டு விஷயத்தில் இல்லை. 1973-இல் நியூயார்க், பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் ராப்புக்கு அடிப்படையான ஹிப்-ஹாப்பை ஆரம்பித்தாரே, அவர் கையில் இருந்ததும் அடுத்தவர் ரெக்கார்டுதான். ஒரே தட்டு இரண்டு பிரதி வைத்து, டிரம் வருகிற துண்டை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். எடுத்ததை வைத்து என்ன செய்தான் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

ஓய்வு வாத்தியார்:

ராப் எனக்குப் புரியாது. சந்தம் புரியும். 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்று அருணகிரிநாதர் பாடியதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், சுகமே இராது. அது ஓட்டத்துக்கென்றே கட்டியது. தத்தத்தன தத்தத் தனதன. குறில், ஒற்று ஒன்று இடம் மாறினாலும் நாக்கு தடுக்கும். உங்கள் மருமகனுக்கு இந்தச் சந்தத்தைக் கொடுத்து, அவன் பார்க்கும் வேலையைப் பற்றி இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள். வந்தால் கலைஞன். வராவிட்டால் தலைவர் சொன்னதே இருக்கட்டும்.

சிப்புட்காரன்:

ஐயா, கொடுத்தேன். சந்தம் என்ற சொல்லே அவனுக்குப் புதிது. மேசையைத் தட்டிக்கொண்டே "தத்தத்தன தத்தத் தனதன" என்று சொல்லிப் பார்த்தான், தே ஓ (பால் இல்லாத தேநீர்) கிளாஸ் ஆடியது. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது:

வெட்டிக்குனி வெட்டிக் குனியென
முட்டித்தெறி குட்டிப் பழமென

குலை விழும்போது உதிரிப் பழம் சிதறுமே, அதைக் குனிந்து குனிந்து பொறுக்குவதைத்தான் சொல்கிறான். நேற்றுக் கூட்டத்தில் இதை வாசித்தேன். தலைவர் 30 வருடம் குலை வெட்டியவர். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பொன்னாடை பற்றி வாய் திறக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் போதுமா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஏழு என்று போட்டேன். தலைப்பை இன்னும் மாற்றவில்லை. வியாழக்கிழமைதான் அச்சுக்குப் போகிறது.

ஓய்வு வாத்தியார்:

இரண்டாம் வரி நன்று. 'தனதான' என்று முடிகிற தொங்கல் எங்கே? கேட்டு வாங்குங்கள்.