முன்கண்ணாடிக் கசிவுக்கு சிலிக்கான் போதுமா?

கேள்வி:
என் காரின் முன்கண்ணாடி மேல் ஓரத்தில் மழைநீர் கசிகிறது. டிக்கியின் தகடு இணைப்பிலும் சிறு விரிசல் தெரிகிறது. குளியலறைக்கு வாங்கி மீந்த சிலிக்கானை இரண்டு இடங்களிலும் பூசலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து பூசாதீர்கள். வினிகர் வாடை வீசும் சிலிக்கான் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுவதால், பெயிண்ட் உரிந்த இடத்தில் தகடு துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, எவ்வளவு சுரண்டினாலும் எஞ்சிவிடும் மெல்லிய படலத்தின்மேல் பெயிண்டோ வேறு பசையோ சரியாகப் பிடிக்காது. பல கார்களில் கூரையின் உறுதிக்கும், பயணியர் பக்க ஏர்பேக் விரியும்போது அதைத் தாங்குவதற்கும் முன்கண்ணாடி துணைநிற்பதால், அதை அதற்கென உள்ள பாலியூரித்தேன் பசையால்தான் ஒட்ட வேண்டும்.

மறுமொழி 2:
தகடு இணைப்புக்கு சீம் சீலர் (தகடு இணைப்புகளை அடைக்கும் பசை) போதும். துருவை நீக்கி, பிரைமர் எனும் அடிப்பூச்சைப் பூசிய பிறகே அதை இடுங்கள். சீலர் எம்எஸ் பாலிமர் எனும் வகையானால் மேலே பெயிண்ட் அடிக்கலாம். பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) ஒருபோதும் இறுகாது என்பதால் கதவின் உட்புறத்தில் நீரைத் தடுக்கும் தாளை ஒட்ட நல்லது, கண்ணாடிக்கு உதவாது.

கேட்டவர்:
நன்றி. கண்ணாடியைக் கழற்றினால், பழைய பசையை முழுவதும் அகற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டாம். உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பசையை 1 முதல் 2 மி.மீ. விட்டுச் சீவி, அதன்மேல் புதியதை இடுவதே வழக்கம். தகடு தெரியும் கீறல்களுக்குப் பிரைமர் தேவை. பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது; ஆகவே வறண்ட குளிரில் தாமதமாகும். பசைக் குழாயில் அச்சிட்டுள்ள நேரம் கடக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.