பொருள்: அவுட்புட் இம்பிடன்ஸ், தமிழில் என்ன? (திங்களுக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். ஹெட்ஃபோனில் கேட்பதற்கான சின்ன டாக்-ஆம்ப் (டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் டாக்கும், அதைப் பெருக்கித் தரும் ஆம்பும் சேர்ந்த பெட்டி) ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் எப்படியோ ஓடிவிட்டது. மாட்டிக்கொண்டிருப்பது ஒரே இடம்: "அவுட்புட் இம்பிடன்ஸ் 1 ஓமுக்கும் குறைவு. ஹெட்ஃபோனின் இம்பிடன்ஸ் இதைப்போல் 8 மடங்காவது இருக்கட்டும்." நான் 'வெளியீட்டு எதிர்ப்பு' என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். எந்தப் படத்துக்கு என்று கேட்கிறார்கள்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:

'மின்' என்பதை விட்டுவிட்டதால் வந்த வினை. ரெசிஸ்டன்ஸ் மின்தடை, மின்தேக்கியும் கம்பிச்சுருளும் மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் ரியாக்டன்ஸ் மின்மறுப்பு, இரண்டும் சேர்ந்த மொத்த எதிர்ப்பான இம்பிடன்ஸ் மின்னெதிர்ப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் மாறுதிசை மின்னோட்டம் படித்த பிள்ளைகளுக்கு இது பழகிய சொல். 'வெளியீட்டு மின்னெதிர்ப்பு' என்று போடுங்கள். இருக்கிற சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

ஒலிப்பதிவுக் கூடத்து நண்பர்:

பிள்ளைகளுக்குப் புரியும் சார், காசு கொடுத்து வாங்குகிறவருக்கு? அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஆம்புக்குள்ளேயே ஒரு தடை உட்கார்ந்திருக்கிறது. வோல்டேஜில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஹெட்ஃபோனுக்குக் கொடுக்கிறது. ஹெட்ஃபோனின் இம்பிடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி இருந்தால் பாதகமில்லை, சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிளானர் வகை (தட்டையான சவ்வு வைத்த) ஹெட்ஃபோன்கள் ஏறக்குறைய அப்படி. ஆனால் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன் பெயரளவில்தான் 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் 500 ஓம்வரை ஏறிவிடும். அதை 120 ஓம் ஆம்பில் மாட்டினால் அந்த இடத்தில் மட்டும் பாஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி) 1 டெசிபல் போலத் தூக்கும். 1 ஓம் ஆம்பில் அந்த வித்தியாசம் காதுக்கே வராது. (120 எங்கிருந்து வந்தது என்றால், ஐஇசி என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்ப அமைப்பின் 61938 தரநிர்ணயம் பரிந்துரைத்த எண் அது.) காதுக்குள் செருகும் பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகை இன்னும் மோசம். ஓர் அதிர்வெண்ணில் 5 ஓம், இன்னொன்றில் 15 ஓம் என்று வைத்துக்கொண்டு 10 ஓம் ஆம்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு. அது வேறு ஹெட்ஃபோனே ஆகிவிடும்.

மின்கலத்துக்கு 'அகமின்தடை' என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இதுவும் அதே சங்கதிதான். 'அகத்தடை' என்றால் யாருக்கும் புரியும்.

புலவர் ஐயா:

இச்சொல்லை 1886இல் ஆக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. வேர் லத்தீன். 'பெட்' என்றால் பாதம். காலைக் கட்டிப்போடுவதே மூலப்பொருள். காலில் பூட்டும் விலங்குக்குத் தமிழில் என்ன பெயர்? தளை! இது தற்செயல் என்கிறீர்களா? மேலே கேளுங்கள். யாப்பில் தளை என்பது தனிச்சீரின் குணமன்று. நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் எப்படிக் கூடுகின்றன என்பதே தளை. மாமுன் நிரை, விளமுன் நேர். ஆம்ப் நின்ற சீர், ஹெட்ஃபோன் வருஞ்சீர். முன்னதன் கடைசி எப்படி என்று மட்டும் சொல்லிப் பயனில்லை, பின்னால் வருவது எதுவென்று தெரிந்தாக வேண்டும். உங்கள் 8 மடங்கு விதி சொல்வதும் இதைத்தானே? ஒவ்வாததைச் சேர்த்தால் தளை தட்டுகிறது. எனவே 'வெளித்தளை'. ஆங்கில யாப்பில் சீரைப் பாதம் என்றே சொல்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தள், தளர், தளை என்று இதன் வேர் போகும் வழியைத் தனி மடலில் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பவர்:

ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் 'வெளித்தளை 1 ஓம்' என்று அச்சடித்தால் பெட்டி திரும்பி வந்துவிடும்.

தமிழ்க் கணிமைக் குழுவிலிருந்து:

எதற்கு இவ்வளவு? 'இம்பிடன்ஸ்' என்றே விடுங்கள். ஓமையும் வோல்ட்டையும் யாராவது மொழிபெயர்த்தார்களா?

புலவர் ஐயா:

ஓமும் வோல்ட்டாவும் ஆள்கள், தம்பி. ஆள் பெயரை அப்படியே வைத்துக்கொள்வது மரியாதை. இம்பிடன்ஸ் என்று யாரும் பிறக்கவில்லை.

பாலிடெக்னிக் ஆசிரியர்:

இந்த ஒரு விஷயத்தில் ஐயா பக்கம்தான் நான். 'அகத்தடை'க்கு வருகிறேன். டிரான்சிஸ்டர் ஆம்பில் அது பெரும்பாலும் வெறும் தடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியீட்டில் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்த சுற்றில்? 20 ஹெர்ட்ஸில் அந்த மின்தேக்கி மட்டுமே 36 ஓம் மின்மறுப்புக் காட்டும். 1000 ஹெர்ட்ஸில் 1 ஓம்கூடத் தேறாது. 32 ஓம் ஹெட்ஃபோனில் அடி பாஸ் காணாமல் போவது இதனால்தான். இதைத் 'தடை' என்று எழுதினால் தப்பு. அப்புறம், பத்திரிகைக்காரர்கள் கரண்டு போவதை மின்தடை என்று எழுதி எழுதி அந்தச் சொல்லையே கெடுத்துவிட்டார்கள். 'இன்று மின்தடை' என்று கரும்பலகையில் தலைப்புப் போட்டால் வகுப்பே மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறது.

இன்னொன்று. தனிமடலில் அனுப்பிய வரைவில் 'இம்பிடன்ஸ் பொருத்தம் பார்க்கவும்' என்று ஒரு வரி பார்த்தேன். அதை எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது 600 ஓம் தொலைபேசிக் கம்பிக்காலத்துப் பழக்கம். இங்கே சமம் கூடாது. தருகிற பக்கம் தாழ்ந்தும் வாங்குகிற பக்கம் உயர்ந்தும் இருக்க வேண்டும். டாக்கின் வெளியீடு 100 ஓம், ஆம்பின் உள்ளீடு 10,000 ஓம் என்றால் இழப்பு 1 சதவீதம்தான். அதனால்தான் டாக்குக்கும் ஆம்புக்கும் நடுவில் இந்தச் சண்டை அவ்வளவாக வருவதில்லை. ஹெட்ஃபோன் பக்கத்தில்தான் தகராறு.

ஒலிப்பதிவுக் கூடத்து நண்பர்:

மின்தேக்கி வைத்த ஆம்பை இப்போது யார் சார் வாங்குகிறார்கள்? இந்தக் கையேடு 1 ஓம் பெட்டிக்கு. ஆயிரத்தில் ஒன்றுக்காக மீதிப் பேரைக் குழப்ப வேண்டுமா?

பாலிடெக்னிக் ஆசிரியர்:

சொல் ஒரு பெட்டிக்கு மட்டும் ஆக்குவதில்லை. நாளைக்கு வெளியீட்டில் மின்தேக்கி வைத்த வால்வு ஆம்ப் கையேடு வந்தால் வேறு சொல் தேடுவீர்களா?

மொழிபெயர்ப்பவர்:

இன்று ஞாயிறு இரவு. எண்ணிப் பார்த்ததில் மின்னெதிர்ப்புக்கு நான்கு பேர் (இருவர் 'சரி, ஏதோ ஒன்று' என்று தனிமடலில் சொன்னவர்கள்), அகத்தடைக்கு இருவர், இம்பிடன்ஸுக்கு ஒருவர். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'இம்பிடன்ஸ் எனப்படும் மின்னெதிர்ப்பு' என்று எழுதிவிட்டு, பிறகு 'வெளியீட்டு மின்னெதிர்ப்பு' என்றே போகிறேன். பொருத்தம் வரியை எடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பக்கத்தில் 'டேம்பிங் ஃபேக்டர்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஒலிப்பதிவுக் கூடத்து நண்பர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், மனசில்லாமல்தான்.

புலவர் ஐயா:

எண்ணிக்கையில் தளைக்கு உரிய ஒரு வாக்கு விடுபட்டிருக்கிறது. குறித்துக்கொள்ளவும். டேம்பிங் பற்றி நாளை எழுதுகிறேன்.